ஓவியத்தில் இருப்பது யார்? ஐரோப்பிய, அமெரிக்க ஓவியங்களில் கதையைக் கண்டுபிடிக்கும் வழி

அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் பெரும்பாலோரின் கண் முதலில் போவது ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சீட்டுக்குத்தான். அதைப் படித்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தால் சீட்டு சொன்னது மட்டும் கண்ணில் படும், சொல்லாதது அத்தனையும் தப்பிவிடும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஓவியம் மட்டும், பிறகு சீட்டு. கையில் சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பல அருங்காட்சியகங்களில் பேனாவுக்கு அனுமதி கிடையாது.

வீட்டில் திரையில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் சுற்றும் படங்களில் பல ஓரம் வெட்டப்பட்டவை, துப்பு பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்துக்கே போய், பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய முழுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணுங்கள்

எத்தனை பேர், யார் ஆண், யார் பெண், என்ன வயது, யாருக்கு ஆடை இல்லை, யாருக்குச் சிறகு, யார் தலையைச் சுற்றி ஒளிவட்டம் என்று எழுதுங்கள். வெறும் எண்ணிக்கையே பல கதைகளைக் கழித்துக்கட்டிவிடும். ஆடையற்ற மூன்று பெண்கள், எதிரே ஆப்பிளோடு ஓர் இளைஞன் என்றால் அது பாரிஸ் என்ற இளவரசனின் தீர்ப்பு: ஜூனோ, மினர்வா, வீனஸ் என்ற தேவியர் மூவரில் யார் அழகி என்ற போட்டி. அதே மூன்று பெண்கள் கைகோத்து நிற்க, ஆண் யாரும் இல்லையென்றால் அழகுத் தேவியர் மூவர். ஆடை அணிந்த மூன்று பெண்கள் தைலக் குப்பியோடு வெறுங்கல்லறை முன் நின்றால் உயிர்த்தெழுந்த ஞாயிறு காலை. நீண்ட மேசையில் பதின்மூன்று பேர் என்றால் கடைசி இராவுணவு. மேசையில் மூவர் மட்டும் அமர்ந்திருக்க, நடுவில் இருப்பவர் அப்பத்தைப் பிட்கிறார் அல்லது ஆசீர்வதிக்கிறார் என்றால் உயிர்த்தெழுந்த இயேசு சீடர் இருவரோடு உண்ட எம்மாவு ஊர் விருந்து. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள கரவாஜியோவின் 1601-ஆம் ஆண்டு எம்மாவு ஓவியத்தில் நடுவில் இருப்பவருக்குத் தாடியே இல்லை. முகத்தை வைத்து இயேசுவைத் தேடினால் அங்கே கிடைக்கமாட்டார். எண்ணிக்கையும் கையசைவும்தான் காட்டிக்கொடுக்கும்.

கையில் என்ன, பக்கத்தில் என்ன விலங்கு

முகம் பெரும்பாலும் மாதிரிக்கு நின்றவருடையது. அடையாளம் சொல்வது ஆயுதமும் வாகனமும்தான்.

கிரேக்க, ரோமத் தெய்வங்களில் கழுகும் இடியும் ஜூப்பிட்டருக்கு, மயில் ஜூனோவுக்கு, திரிசூலம் நெப்டியூனுக்கு. சிறகு வைத்த காலணியும் இரண்டு பாம்பு சுற்றிய கோலும் மெர்க்குரி. தலைக்கவசமும், பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசாவின் தலை பதித்த கேடயமும் மினர்வா. நெற்றியில் பிறைநிலா, கையில் வில், காலடியில் வேட்டைநாய் என்றால் டயானா. சிங்கத்தோலும் கதையும் ஹெர்குலிஸ். பெண்ணும் அன்னமும் லீடா, பெண்ணும் காளையும் யூரோப்பா, பெண்ணின் மேல் பொன்மழை டானயி. கடைசி மூன்றிலும் அந்த அன்னமும் காளையும் மழையும் ஜூப்பிட்டரேதான்.

புனிதர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. பலர் தங்களை வதைத்த கருவியோடுதான் நிற்பார்கள். செபஸ்தியாருக்கு உடம்பில் அம்புகள், லாரன்ஸுக்கு இரும்பு வறுதட்டு, பர்த்தலமேயுவுக்குக் கத்தியும் உரித்த தோலும், அலெக்சாந்திரியா கத்தரீனுக்கு முள் வைத்த உடைந்த சக்கரம். லூசியா தட்டில் இரண்டு கண்களை ஏந்தியிருப்பார். இந்த விதிக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு: இராயப்பர் என்று நாம் சொல்லும் பேதுருவுக்குச் சாவி, மகதலேனா மரியாளுக்கு விரித்த கூந்தலும் தைலச் சிமிழும், யோவான் ஸ்நானகனுக்கு ஒட்டக மயிராடையும் நாணல் சிலுவையும். நற்செய்தி எழுதிய நால்வரில் மத்தேயுவுக்கு வானதூதர், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்கு எருது, யோவானுக்குக் கழுகு.

பலர் தவறுவது இதற்கு அடுத்த அடியில். ஒரு பொருளைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வாள் பவுலிடமும் இருக்கும், கத்தரீனிடமும் இருக்கும், யூதித்திடமும் இருக்கும், நீதி என்ற உருவகப் பெண்ணிடமும் இருக்கும். மண்டையோடு எரோணிமுஸுக்கும் மகதலேனாவுக்கும் அசிசி பிரான்சிஸுக்கும் பொது. சிங்கம் எரோணிமுஸின் காலடியிலும் படுத்திருக்கும், தானியேலின் குகையிலும் நிற்கும். ஆகவே குறைந்தது இரண்டு அடையாளம் ஒத்துப்போக வேண்டும், மூன்றாவதாக ஒன்று எதிராக நிற்கக் கூடாது. சிங்கம், சிவப்புக் கர்தினால் தொப்பி, புத்தகம் மூன்றும் இருந்தால் எரோணிமுஸ் என்று தயங்காமல் எழுதலாம்.

இரண்டு அடையாளம் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது? அதற்கு நல்ல பாடம் பிரான்செஸ்கோ மஃபேயி வரைந்த ஓர் ஓவியம். இத்தாலியின் ஃபயென்சாவில் இருக்கிறது. ஓர் இளம்பெண், கையில் வாள், தட்டில் வெட்டிய ஆணின் தலை. தட்டைப் பார்த்தால் சலோமி, ஏனென்றால் அவள் கேட்டபடி யோவான் ஸ்நானகனின் தலை தட்டில்தான் கொண்டுவரப்பட்டது. வாளைப் பார்த்தால் யூதித்து, ஏனென்றால் எதிரிப் படைத்தளபதி ஒலோபெரினின் தலையைத் தன் கையாலேயே வெட்டியவள் அவள். ஆனால் அவள் தலையைப் பையில் போட்டதாகத்தான் யூதித்து நூல் சொல்கிறது. கலை வரலாற்றறிஞர் எர்வின் பானோஃப்ஸ்கி இதை 1939-இல் தீர்த்த விதம் இன்றைக்கும் பயன்படும். அவர் அதற்கு முந்தைய நூற்றாண்டு ஓவியங்களைத் தேடிப் பார்த்தார். யூதித்தைத் தட்டோடு வரைந்த ஓவியங்கள் ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் இருந்தன. சலோமியை வாளோடு வரைந்த ஓவியம் ஒன்றும் அகப்படவில்லை. தட்டு கதை மாறிப் போகக்கூடியது, வாள் அப்படிப் போகவில்லை. ஆகவே யூதித்து. உங்களுக்குக் குழப்பம் வரும்போதும் இதையே செய்யுங்கள்: நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், அந்தக் காலத்து, அந்த வட்டாரத்து ஓவியர்கள் அந்தப் பொருளை யார் யார் கையில் கொடுத்தார்கள் என்று பத்துப் படங்களையாவது பாருங்கள்.

ஒன்றுபோல் தெரியும் கதைகள்

குளிக்கும் பெண்ணும் ஒளிந்து பார்க்கும் ஆணும் மூன்று கதைகளில் வருகிறார்கள். கிழவர்கள் இருவர் என்றால் சூசன்னா. தூரத்து மாடியில் முடி சூடிய ஒருவர், அல்லது பெண்ணின் கையில் கடிதம் என்றால் பத்சேபாள். கடிதத்தைக் கவனியுங்கள்: விவிலியத்தில் தாவீது அரசர் பத்சேபாளுக்கு ஆள்தான் அனுப்புகிறார், கடிதம் எழுதவில்லை. ஓவியர்கள் சேர்த்துக்கொண்ட பொருள் அது. பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ரெம்பிராண்டின் 1654 ஓவியத்தில் தாவீது இல்லவே இல்லை. பெண்ணும், கால் துடைக்கும் பணிப்பெண்ணும், கடிதமும் மட்டும்தான். பெண்கள் கூட்டமாக இருந்து, பார்ப்பவன் நாய்களோடு வந்த வேட்டைக்காரன் என்றால் டயானாவும், அவள் சாபத்தால் மானாகிப்போன ஆக்டியோனும். டிஷியன் 1556-59-இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்காக வரைந்த ஓவியத்தில் ஆக்டியோனுக்கு இன்னும் கொம்பு முளைக்கவில்லை. ஆனால் தூணின் மேல் ஒரு மான் மண்டையோடு வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்து நடக்கப்போவது அங்கே இருக்கிறது.

பாறையில் கட்டப்பட்ட பெண், கடல்மிருகம், காப்பாற்ற வரும் வீரன் என்றால் பெர்சியஸும் ஆண்ட்ரோமெடாவும் என்று எல்லாரும் சொல்வார்கள். வீரன் ஏறி வருவதை முதலில் பாருங்கள். கழுகுத் தலையும் குதிரை உடலும் கொண்ட பிராணி என்றால் அவன் ருஜ்ஜியேரோ, பெண் ஆஞ்செலிகா. இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் காவியத்திலிருந்து வந்தவர்கள். லூவ்ரில் உள்ள ஆங்கிரின் 1819 ஓவியம் இதுதான். சிறகுக் காலணியும் மெதூசாவின் தலையும் இருந்தால் பெர்சியஸ். பெண் ஆடையோடு, கட்டுண்டிராமல் ஒரு பக்கம் நிற்க, வீரன் சாதாரணக் குதிரையில் அமர்ந்து பறவைநாகத்தைக் குத்தினால் புனித ஜார்ஜ்.

கதை பிடிபட்டதும் அதில் எந்த நொடி என்று கேளுங்கள். இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் மங்கள வார்த்தைக் காட்சியில் தூதர் காபிரியேல் இப்போதுதான் நுழைகிறாரா, பேசி முடித்துவிட்டாரா, மரியாள் பதில் சொல்கிறாரா? வாஷிங்டன் நேஷனல் கேலரியில் உள்ள யான் வான் ஐக்கின் ஓவியத்தில் தூதரின் வாழ்த்து பொன்னெழுத்தில் இடமிருந்து வலமாக ஓடுகிறது. “இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை” என்ற மரியாளின் பதில் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. மேலேயிருந்து கடவுள் படிக்க வேண்டும் என்பதற்காக. எழுத்துப் பிழை என்று எண்ணிக் கடந்து போனால் நொடியையே தவறவிடுவீர்கள். தரையோடுகளையும் பாருங்கள்: தாவீது கோலியாத்தை வீழ்த்துவதும் தெலீலாள் சிம்சோனின் முடியை வெட்டுவதும் அங்கே இருக்கின்றன.

அன்றாடக் காட்சிக்குள் ஒளிந்திருப்பது

சந்தை, சமையலறை, வயல், தறி இவையெல்லாம் கண்ணில் பட்டால் “அன்றாட வாழ்க்கை” என்று எழுதுவதற்கு முன் பின்புறத்தையும் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பீட்டர் ஆர்ட்சென் 1551-இல் வரைந்த இறைச்சிக் கடை சுவீடனின் உப்சாலாவில் இருக்கிறது. முன்னால் மாட்டுத்தலை, தொங்கும் தொத்திறைச்சி, மீன் என்று கடையே ஓவியத்தை நிறைத்திருக்கிறது. பின்னால் ஒரு சிறிய இடைவெளியில் கழுதைமேல் மரியாள், எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் ஏழைச் சிறுவனுக்கு அப்பம் கொடுக்கிறார். வெலாஸ்குவெஸின் 1618 ஓவியம் ஒன்றில் இளம்பெண் உரலில் இடிக்கிறாள், பக்கத்தில் மீனும் முட்டையும் பூண்டும். வலப்பக்கச் சதுரத்துக்குள் மார்த்தாள் வீட்டில் இயேசு.

அதே வெலாஸ்குவெஸின் ‘நூற்பவர்கள்’ ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாட்ரிட்டின் திரைச்சீலைப் பட்டறை ஒன்றின் காட்சி என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பின் அறையை நெருங்கிப் பாருங்கள். அங்கே தலைக்கவசம் அணிந்த ஒரு பெண் கையை ஓங்கி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையில் டிஷியனின் யூரோப்பா. கவசம் மினர்வாவுக்கு, யூரோப்பாவைத் திரையில் நெய்தவள் அராக்னே, அவளைச் சிலந்தியாக்கியவள் மினர்வா. 1664-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்றில் ‘அராக்னே கதை’ என்றே எழுதப்பட்டிருந்தது 1948-இல் வெளியானபோது சந்தேகம் தீர்ந்தது. அந்தக் கவசம் மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டிருந்தால் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிரஸ்ஸல்ஸில் உள்ள ‘இக்காரஸ் விழும் நிலக்காட்சி’ புரூகெலின் மூலமா, அதைப் பார்த்து வரைந்த படியா என்ற வாதம் உண்டு. வரைந்த கை எதுவானாலும் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஓவியம் இல்லை. உழுபவன், மேய்ப்பன், தூண்டில்காரன் மூவரும் ரோமக் கவிஞர் ஓவிட் சொன்னவர்களே. ஓவிட்டிடம் அவர்கள் மெழுகுச் சிறகில் பறக்கும் இக்காரஸையும் அவன் தந்தையையும் பார்த்து வாய்பிளக்கிறார்கள், சிறகு உருகி அவன் கடலில் விழும் இங்கே யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இக்காரஸோ வலது கீழ் மூலையில் நீருக்கு மேல் தெரியும் இரண்டு கால்கள் மட்டும். மூலையை வெட்டிய படத்தில் வெறும் உழவுதான் மிஞ்சும்.

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு நடக்கிறது. ஒவ்வொரு நாயும் விசுவாசம், ஒவ்வொரு எலுமிச்சையும் வாழ்வின் நிலையாமை என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். ஒரு பொருளுக்கு மறைபொருள் உண்டு என்று சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பொருள் அந்த இடத்தில் இருப்பது இயல்பா, உறுத்துகிறதா? அதே பொருளில் அவ்வாறு பேசும் அந்தக் காலத்து எழுத்து இருக்கிறதா? அதே ஓவியத்தில் வேறு ஏதாவது அதை வழிமொழிகிறதா? நியூயார்க் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, மூன்று பலகை கொண்ட மெரோட் பீடப்படத்தின் வலது பலகையில் சூசையப்பர் தச்சு வேலை செய்கிறார். மேசையில் ஒரு எலிப்பொறி, ஜன்னல் விளிம்பில் இன்னொன்று. தச்சர் பட்டறைதான், ஆனால் மங்கள வார்த்தைக் காட்சிக்குப் பக்கத்தில் எலிப்பொறி உறுத்துகிறது. “ஆண்டவரின் சிலுவை சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி” என்று புனித அகுஸ்தீன் சொல்லியிருப்பதை கலை வரலாற்றறிஞர் மேயர் ஷபீரோ 1945-இல் எடுத்துக்காட்டினார். நடுப்பலகையிலோ, வட்டச் சன்னல் வழியே வரும் ஒளிக்கதிரில் சிலுவை சுமந்த ஒரு குட்டிக் குழந்தை இறங்குகிறது. மூன்று கேள்விக்கும் விடை கிடைக்கிறது. மூன்றில் ஒன்றுக்குத்தான் விடை என்றால் நாயை நாயாகவே விட்டுவிடுங்கள்.

வெர்மீரின் தராசு ஏந்திய பெண்ணை 1696 ஆம்ஸ்டர்டாம் ஏலப் பட்டியல் ‘பொன் நிறுப்பவள்’ என்றது. நுண்ணோக்கியில் பார்த்தபோது தட்டுகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. அவளுக்குப் பின்சுவரில் இறுதித் தீர்ப்பு ஓவியம் தொங்குகிறது. வீட்டுக் காட்சி எதிலும் சுவரில் மாட்டிய படத்தைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அதை எதற்காக அங்கே மாட்டினார் என்ற கேள்வி பெரும்பாலும் வீண்போவதில்லை.

அமெரிக்க ஓவியங்களில்

இங்கே பழைய அடையாளங்கள் பாதி கழன்றிருக்கும். பீடங்களுக்காக வரைந்தவை குறைவு, ஆகவே கதை நிலத்துக்குள்ளும் ஆடைக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. எட்வர்ட் ஹிக்ஸ் என்ற, போரை மறுக்கும் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவின் போதகர் அறுபதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்த ‘சமாதான அரசு’ ஏசாயா 11-ஆம் அதிகாரம்: ஓநாயும் ஆட்டுக்குட்டியும், சிங்கமும் கன்றும், ஒரு சிறுபிள்ளை. இடப்பக்கத் தூரத்தில் பலவற்றில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் அங்கிருந்த பூர்வகுடி லெனாப்பி மக்களோடு உடன்படிக்கை செய்கிறார். வேதமும் உள்ளூர் வரலாறும் ஒரே ஓவியத்தில் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும்.

ஹென்றி ஒசாவா டானரின் 1898 மங்கள வார்த்தை பிலடெல்பியாவில் இருக்கிறது. லில்லிப் பூ இல்லை, சிறகு இல்லை. கலைந்த படுக்கையில் ஒரு சிறுமி, எதிரே செங்குத்தாக நிற்கும் ஒளித்தூண். பழைய பட்டியலோடு போனால் ஒரு அடையாளமும் பொருந்தாது. இருவர் எதிரெதிரே இருக்கும் அமைப்பும், பெண் நிமிர்ந்து பார்க்கும் விதமும்தான் வழிகாட்டும். அதனால்தான் முதலிலேயே எண்ணச் சொன்னது.

வின்ஸ்லோ ஹோமரின் ‘புதிய வயலில் பழைய போர்வீரன்’, 1865, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். பார்த்தவுடன் கோதுமை அறுப்பு. வலது கீழ் மூலையில் கழற்றிப் போட்ட ராணுவ மேற்சட்டையும் தண்ணீர்க் குடுவையும் கிடக்கின்றன. அரிவாளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முதலில் விரல்போன்ற சட்டம் வைத்த, அந்தக் காலத்து உண்மையான அறுப்புக் கருவியை வரைந்துவிட்டு, அதன்மேல் வண்ணம் பூசி ஒற்றைத் தகடாக்கியிருக்கிறார். பூச்சுக்கு அடியில் பழைய கோடுகள் இப்போது தெரிகின்றன. ஒற்றைத் தகட்டு அரிவாள் மரணத்தின் கையில் இருப்பது. உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு அது. ஓவியரே மாற்றிய இடத்தைக் காட்டிலும் வலுவான சான்று கிடைக்காது.

அளவு, கெட்டுப்போன வண்ணம், ஒட்டவைத்த ஒளிவட்டம்

அளவையும் எழுதுங்கள். பிரெஞ்சு அகாதெமியில் வேதக்கதை, புராணம், வரலாறு பெரிய திரைக்கு. அன்றாடக் காட்சி சிறியதற்கு. கூர்பே ஓர்னான் ஊர்க்காரர்களின் சவ அடக்கத்தை 6.6 மீட்டர் அகலத்தில் வரைந்து பாரிஸ் நகரின் அரசுக் கண்காட்சியான சலோனில் 1850-51-இல் வைத்தபோது எழுந்த கோபத்தில் பாதி அந்த அளவுக்காகத்தான். மேல்பக்கம் வளைந்த உயரமான பலகை பெரும்பாலும் பீடத்திலிருந்து வந்தது. அதில் ஓரமாக, சமகால உடையில் மண்டியிட்டிருப்பவர் கதையில் வருபவர் இல்லை, பணம் கொடுத்தவர்.

மரியாளின் மேலாடை கறுப்பாகத் தெரிந்தால் அவசரப்பட்டு வேறு பெண் என்று எழுதாதீர்கள். அசுரைட் நீலம் காலத்தால் கறுத்திருக்கலாம், மேலே பூசிய வார்னிஷ் பழுப்பேறியிருக்கலாம். ஒளிவட்டத்தையும் உடனே நம்பவேண்டாம். பெட்ரஸ் கிறிஸ்டஸ் 1449-இல் வரைந்த பொற்கொல்லர் நெடுநாள் புனித எலிஜியஸ் என்றே அறியப்பட்டார். அந்த வட்டம் பின்னாளில் யாரோ சேர்த்தது என்று தெரிந்து நீக்கியபின் இப்போது ‘தன் கடையில் பொற்கொல்லர்’ என்ற பெயரோடு நியூயார்க்கில் இருக்கிறார்.

பெயர்ச்சீட்டை இப்போது படிக்கலாம். பழைய ஓவியங்களில் பலவற்றுக்கு வரைந்தவர் பெயர் வைக்கவில்லை. பட்டியல் எழுதியவரும் விற்றவரும் வைத்த பெயர்களே நிலைத்துவிட்டன. சில வேளை ஓவியரே மாற்றியிருப்பார்: வெரோனேசே 1573-இல் வெனிஸ் மடம் ஒன்றுக்காகக் கடைசி இராவுணவை ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தில் வரைந்தார். கோமாளியும் கிளியும், மூக்கில் ரத்தம் வடியும் வேலைக்காரனும், ஜெர்மன் சிப்பாய்களும் எதற்கு என்று சமய விசாரணை மன்றம் கேட்டது. மூன்று மாதத்துக்குள் ஓவியத்தைத் திருத்தச் சொன்னது. அவர் ‘லேவி வீட்டு விருந்து’ என்று பெயரைத் திருத்தி, லூக்கா 5-ஆம் அதிகாரம் என்று ஓவியத்தின் மீதே எழுதிவைத்தார். அங்கே பெயரை நம்புவதா, மேசையை நம்புவதா என்றால் இரண்டையும் பதிவு செய்யுங்கள்: முதலில் வரைந்தது இது, இன்றைய பெயர் இது.

முடிவை எழுதும்போது ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ என்று மூன்றில் ஒன்றைப் போட்டு, காரணமான அடையாளங்களை அடுத்த வரியில் எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நெதர்லாந்தின் லைடனில் ஹென்றி வான் டி வால் தொடங்கிய, ஓவியக் காட்சிகளை வகைப்படுத்தும் ஐகான்கிளாஸ் என்ற எண்முறையைப் பல அருங்காட்சியகங்கள் பயன்படுத்துகின்றன. 7 விவிலியம், 9 கிரேக்க ரோமப் புராணமும் பண்டை வரலாறும், 4 சமூகமும் அன்றாட வாழ்வும், 73A52 மங்கள வார்த்தை. எண்ணைத் தேடலில் போட்டால் ஒரே காட்சியைப் பல நாட்டு ஓவியர்கள் வரைந்த விதம் வரிசையாக வந்து நிற்கும். மஃபேயியின் தட்டுக்குச் செய்ததை உங்கள் ஓவியத்துக்கும் அங்கேயே செய்துபார்க்கலாம்.